பீரோவுக்குள் போகும் முன்... கம்பளியைக் கொஞ்சம் கவனியுங்கள்!

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். திருவண்ணாமலைக்காரர்களுக்கு இந்தக் கணக்கு கார்த்திகையிலேயே தொடங்கிவிடும். தீபத்தன்று சாயங்காலம் மாடவீதியில் இடம்பிடித்து நிற்பவர், பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலம் நடப்பவர், மார்கழி விடியலில் குளித்த ஈரத்தோடு கோயில் வாசலுக்கு வருபவர் என்று எல்லார் தோளிலும் ஏதாவது ஒரு சால்வை இருக்கும். மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடிய ஊர் என்பதால் இங்கே மார்கழிக் காலைக்கு மவுசு கொஞ்சம் அதிகம். செங்கம் சாலைப் பக்கம் போனால், ஆசிரமங்களுக்கு வந்திருக்கும் வெளிநாட்டுக்காரர்கள் கனமான கம்பளிச் சால்வையோடு டீக்கடையில் நிற்பதைப் பார்க்கலாம். விசிறியும் கொட்டாங்குச்சியுமாக இந்த ஊரில் வாழ்ந்த யோகி ராம்சுரத்குமாரின் படங்களிலும் மேலே போர்த்திய சால்வைகள்தான் முதலில் கண்ணில் படும். மலைப்பக்கம் ஜமுனாமரத்தூரில் கேட்டால், டிசம்பர் இரவில் கம்பளி இல்லாமல் தூக்கமே கிடையாது என்பார்கள்.

மாசி முடிந்து வெயில் ஏறத் தொடங்கியதும் இத்தனை கம்பளியும் பீரோவுக்குப் போகும். எப்படிப் போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நெய்க்கறையும் வியர்வையுமாக அப்படியே மடித்து, நாலு பாச்சை உருண்டையைப் போட்டு, கதவைச் சாத்திவிட்டால் வேலை முடிந்தது என்று பல வீடுகளில் நினைக்கிறார்கள். துணிக்கும் அது நல்லதில்லை. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அதைவிடப் பெரிய ஆபத்தும் இருக்கிறது. அதைப் பின்னால் பார்க்கலாம்.

உங்களிடம் இருப்பது கம்பளிதானா?

முதலில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கடையில் 'உல்லன்' என்று சொல்லி விற்கும் ஸ்வெட்டர், குல்லா, மஃப்ளர் எல்லாமே ஆட்டு ரோமத்தில் செய்தவை அல்ல. பெரும்பாலும் அக்ரிலிக் என்னும் செயற்கை இழைதான். மேடையில் போர்த்தும் பொன்னாடைகளும் பாலியஸ்டர் வகைதான். லேபிளைப் பாருங்கள். நூல் உருண்டை மாதிரி சுழன்ற கோடுகள் கொண்ட 'உல்மார்க்' முத்திரை 1964-ல் வந்தது. அது இருந்தால் கவலையில்லை.

லேபிள் இல்லையென்றால் ஓரத்திலிருந்து ஒரே ஒரு இழையை உருவி, இடுக்கியில் பிடித்து, தீக்குச்சியில் காட்டுங்கள். துணிக் குவியலுக்கு அருகில் வேண்டாம், கிச்சன் சிங்க்குக்கு மேலே வைத்துச் செய்யுங்கள். கம்பளி என்றால் தலைமுடி கருகும் வாடை வரும், தீயை எடுத்ததும் தானே அணையும், மிஞ்சும் சாம்பல் விரலில் தூளாகும். செயற்கை இழை உருகிச் சொட்டும், ஆறினால் கெட்டி மணியாகிவிடும்.

தீபத் திருநாள் கொண்டாடும் ஊருக்கு இது வெறும் சோதனை அல்ல. அகல் வரிசைக்கு மேல் குனிந்து திரி தூண்டும்போது தலைப்பில் தீப்பொறி பட்டால், கம்பளி கருகுமே தவிர லேசில் பற்றிக்கொள்ளாது. அக்ரிலிக் சால்வை குபுகுபுவென்று எரியும், உருகித் தோலில் ஒட்டும். விளக்கேற்றும் நேரத்தில் பெண்களும் குழந்தைகளும் அக்ரிலிக்கைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு சாதாரணப் பருத்தித் துண்டைக்கூட இழுத்துச் செருகிக்கொள்வது மேல்.

எதற்கெடுத்தாலும் துவைக்காதீர்கள்

ஆச்சாரமான வீடுகளில் பட்டும் கம்பளியும் எப்போதும் மடிதான், தினம் நனைக்கத் தேவையில்லை என்று ஒரு வழக்கம் உண்டு. அதில் துணிக்கு ஒரு நன்மையும் இருக்கிறது. கம்பளி இழை தன் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. மேலே உள்ள மெல்லிய கொழுப்புப் படலம் அழுக்கைச் சட்டென்று ஒட்டவிடாது. ஒருமுறை போர்த்திய சால்வையை நிழலில் ஒரு இரவு காற்றாடப் போட்டாலே வாடை போய்விடும். மெல்லிய பிரஷ்ஷால் ஒரே திசையில் தட்டிவிட்டால் தூசியும் போகும். ஒரு சீசனுக்கு ஒரு துவையல் போதும். அது பீரோவுக்குள் போவதற்கு முன் செய்யும் துவையலாக இருக்கட்டும்.

கம்பளி என்பது முடிதான். நம் தலைமுடி, நகம் போல அதுவும் கெரட்டின் என்ற புரதம். பூதக்கண்ணாடியை விடப் பெரிய கருவியில் பார்த்தால் ஒவ்வொரு இழையிலும் மீன் செதில் போல அடுக்கடுக்காக இருக்கும். சுடுதண்ணீர் பட்டால் இழை ஊறி இளகும், கசக்கினால் ஒரு இழையின் செதில் இன்னொன்றின் செதிலில் மாட்டிக்கொள்ளும். மாட்டியது மறுபடி விடாது. வாஷிங் மெஷினில் போட்ட அப்பா ஸ்வெட்டர் பேரனுக்குச் சரியாக இருக்கும் அளவுக்குச் சுருங்கி வருவது இதனால்தான். சோடா கலந்த துணி சோப்பும் எதிரிதான், காரம் புரதத்தை அரிக்கும். 'கறை நீக்கும் என்சைம்' என்று விளம்பரம் செய்யும் பவுடர்களில் இருப்பது புரதத்தைக் கரைக்கும் பொருள். ரத்தக்கறைக்கும் பால்கறைக்கும் அது நல்லது. கம்பளியே புரதம் என்பது அதற்குத் தெரியாதே! ப்ளீச்சிங் பவுடர் கரைசல் பக்கமே போகக்கூடாது.

நெய், மை, குங்குமம்

மற்ற ஊர்க் கம்பளிக்கு டீக்கறை, காபிக்கறை வரும். திருவண்ணாமலைக் கம்பளிக்கு வரும் கறைகள் வேறு.

2,668 அடி உயர மலை மேல் கொப்பரையில் 3,000 கிலோவுக்கும் மேல் நெய்யும், 1,000 மீட்டர் காடாத் துணியும் போட்டு ஏற்றும் தீபம் 11 நாள் எரிகிறது. கொப்பரையில் படியும் மையை ஆருத்ரா தரிசனத்தின்போது நடராஜருக்குச் சாத்திவிட்டு, பக்தர்களுக்குப் பிரசாதமாகக் கொடுக்கிறார்கள். அந்த மை பொட்டலம் பிரிந்து சால்வையில் கொட்டினால் என்ன ஆகும் என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும். கரியும் நெய்யும் கலந்தது அது. ஈரத்துணியால் துடைத்தால் ஒரு பொட்டாக இருந்தது உள்ளங்கை அகலத்துக்கு ஆகிவிடும்.

தொடவே கூடாது என்பதுதான் முதல் விதி. சால்வையைத் தலைகீழாகப் பிடித்து, பின்பக்கத்திலிருந்து விரலால் சுண்டி, உதிர்வதை உதிரவிடுங்கள். பிறகு கறை மேல் டால்கம் பவுடரையோ சோள மாவையோ தாராளமாகத் தூவி, ஒரு இரவு அப்படியே விடுங்கள். மாவு நெய்யை உறிஞ்சும், நெய்யோடு சேர்ந்து கரியும் கொஞ்சம் வரும். காலையில் பிரஷ்ஷால் தட்டிவிட்டு மறுபடி தூவுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தபின் மிஞ்சியதை மென்மையான திரவ சோப் ஒரு சொட்டு விட்டு, தேய்க்காமல், பஞ்சால் ஒற்றி எடுக்க வேண்டும். வெறும் நெய்க்கறைக்கும் இதே வழிதான். நெய் உறைந்திருந்தால் முதலில் ஸ்பூன் விளிம்பால் சுரண்டிவிடுங்கள். தீப மை முழுசாகப் போகும் என்று உறுதி கொடுக்க முடியாது. விலை உயர்ந்த சால்வை என்றால், வீட்டில் எதுவும் செய்யாமல் நேரே டிரைகிளீனிங் கடைக்குக் கொண்டுபோய், இது நெய்யும் கரியும் என்று சொல்லிக் கொடுங்கள். என்ன கறை என்று சொன்னால் அவர்கள் வேலை பாதி குறையும்.

விபூதி பார்க்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் அது சாம்பல், அதாவது காரம். காய்ந்திருக்கும்போதே தட்டிவிட்டால் ஒன்றும் இல்லை. வியர்வையில் நனைந்து கழுத்துப்பட்டையிலேயே தங்கிவிட்டால் மெதுவாக இழையைப் பலவீனமாக்கும். குங்குமமும் அப்படியே, ஈரம் படும்முன் உதறிவிட வேண்டும். மஞ்சள் கறையில் சோப்பு போட்டதும் சிவப்பாக மாறுவதைப் பார்த்துப் பலர் பயந்துபோகிறார்கள். காரம் பட்டால் மஞ்சளின் நிறம் அப்படித்தான் மாறும், அலசினால் பழையபடி மஞ்சளாகிவிடும். மஞ்சளுக்கு வெளிச்சம் ஆகாது. அலசியபின் கறை உள்ள இடம் மட்டும் காலை இளவெயிலில் படும்படி அரைமணி நேரம் வைத்து, இரண்டு மூன்று நாள் இப்படிச் செய்தால் வெளிறிவிடும்.

துவைக்கும் நாள்

பாட்டிமார் பட்டுப்புடவைக்கு வைத்திருந்த பூந்திக்கொட்டைதான் கம்பளிக்கும் மருந்து. ஆரணிப் பட்டு நெய்யும் மாவட்டத்தில் இதைத் தெரியாத வீடு குறைவு. பட்டும் புரதம், கம்பளியும் புரதம். ஏழெட்டுக் கொட்டையை விதை நீக்கி, வெந்நீரில் ஒரு இரவு ஊறவைத்து, பிசைந்து, மெல்லிய துணியில் வடிகட்டினால் நுரை வரும். அதில் சோப்பின் காரம் கிடையாது. போர்வெல் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளுக்கு இன்னொரு லாபமும் உண்டு. கட்டி சோப் போட்டால் கடின நீரில் திரிந்து வெள்ளைப் பிசுக்காகத் துணியில் ஒட்டும். பூந்திக்கொட்டை நுரை திரியாது. ஆனால் வெள்ளை, கிரீம் நிறச் சால்வைக்கு இதன் பழுப்பு லேசாக ஏறலாம். அவற்றுக்குக் கடையில் கம்பளிக்கென்றே விற்கும் திரவ சோப் போதும்.

அகலமான டப்பில் பச்சைத் தண்ணீர். குளிர்காலக் காலை என்று வெந்நீர் கலக்க வேண்டாம். டப்பில் ஊற்றும் தண்ணீரும் அலசும் தண்ணீரும் ஒரே சூட்டில் இருப்பது முக்கியம். சால்வையை உள்ளே அமுக்கி, விட்டு, அமுக்கி, ஐந்து நிமிஷம். கசக்குவது, கல்லில் அடிப்பது, பிரஷ் போடுவது எதுவும் கூடாது. இரண்டு மூன்று முறை அலசி, கடைசித் தண்ணீரில் ஒரு ஸ்பூன் வெள்ளை வினிகர் விட்டால் மிச்சமிருக்கும் சோப்பின் காரம் போய்விடும்.

எடுப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். நனைந்த கம்பளி கல் கனம் கனக்கும், அந்த நேரத்தில் அதன் இழைக்குப் பலமும் குறைவு. ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால் அந்த முனை நீண்டுவிடும். இரண்டு கையாலும் குழந்தையை ஏந்துவது போல் மொத்தமாக எடுத்து, பெரிய டவலில் விரித்து, பாய் போல் சுருட்டி, மேலே அமுக்குங்கள். முறுக்கிப் பிழியாதீர்கள். பிறகு நிழலில், கயிற்றுக் கட்டிலிலோ பழைய பாயிலோ தட்டையாக விரித்துக் காயவிடுங்கள். கொடியில் தொங்கவிட்டால் ஸ்வெட்டர் கை முழங்கால் வரை வந்துவிடும்.

மடிப்பு வைத்துத் தைத்த கம்பளித் துணிக்கு மட்டும் கூடுதல் வேலை உண்டு. ஸ்காட்லாந்து ஆண்கள் கட்டும் 'கில்ட்' என்ற கட்டம் போட்ட பாவாடையைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். பேக்பைப் ஊதுபவர்கள் கட்டியிருப்பார்கள். முழு அளவு கில்ட்டுக்கு எட்டு கஜம் கம்பளித் துணி பிடிக்கும். நம் மடிசாருக்கு ஒன்பது கஜம் என்பதை நினைத்தால், ஒரு கஜம்தான் குறைவு! நாம் தினம் கொசுவம் வைத்துக் கட்டுகிறோம். அவர்கள் பின்பக்கம் இருபது, முப்பது மடிப்புகளை நிரந்தரமாகத் தைத்துவிடுகிறார்கள். அதனால் நனைக்கும் முன் ஒவ்வொரு மடிப்பையும் வெள்ளை நூலால் நீளத் தையல் போட்டு, கீழ்விளிம்பு வரை பிடித்து வைத்துவிடுவார்கள். துவைத்து, காய்ந்து, ஈரப் பருத்தித் துணியை மேலே போட்டு இஸ்திரி அமுக்கியபின்தான் அந்த நூலைப் பிரிப்பார்கள். மகள்களின் மடிப்பு வைத்த கம்பளிப் பாவாடைக்கும் இந்த உத்தி அப்படியே பொருந்தும். இஸ்திரியை இழுக்காமல் வைத்து வைத்து எடுக்க வேண்டும்.

பாச்சை உருண்டை, கைக்குழந்தை

கம்பளியை அரிப்பது கம்பளிப்பூச்சி அல்ல, பேர்தான் அப்படி. அது செடியில் இலை தின்னும் ஜீவன். பீரோவில் ஓட்டை போடுவது அந்துப்பூச்சி. அதிலும் பறக்கும் சிறிய பூச்சி எதையும் தின்பதில்லை, அது முட்டையிடுவதோடு சரி. முட்டையிலிருந்து வரும் புழுதான் கெரட்டினைத் தின்கிறது. இருட்டும் அசைவில்லாத இடமும் அதற்குப் பிடிக்கும். வியர்வையும் சாப்பாட்டுக் கறையும் பட்ட இடம் இன்னும் பிடிக்கும். அதனால்தான் கழுத்து, அக்குள், மடிப் பகுதியில் முதல் ஓட்டை விழுகிறது. துவைத்து வைப்பதே பாதிப் பாதுகாப்பு என்பது இதனால்தான்.

இந்தப் புழுவுக்குப் பயந்துதான் பாச்சை உருண்டை என்றும் அந்துருண்டை என்றும் சொல்லும் நாப்தலினைப் போடுகிறோம். அது திட நிலையிலிருந்தே ஆவியாகி, துணி முழுக்க ஏறி நிற்கும். ஊர்ப்பக்கம் பிரசவத்துக்குப் பெண் வீட்டுக்கு வந்ததும் நடப்பது என்ன? பாட்டி பீரோவைத் திறந்து, பத்திரமாக வைத்திருந்த பழைய கம்பளியை எடுத்து, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய பச்சைக் குழந்தையை அதில் சுற்றுவார். பாசத்தில் செய்வதுதான். ஆனால் நாப்தலின் ஆவி ஏறிய துணியில் சுற்றிய குழந்தைகளுக்கு ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து, கடுமையான மஞ்சள் காமாலை வந்ததை மருத்துவ உலகம் பல காலமாகப் பதிவு செய்திருக்கிறது. நாப்தலின் எண்ணெயில் கரையும், எண்ணெய் தடவிய தோல் வழியாக அது இன்னும் சுலபமாக உள்ளே போகும். 'ஜி6பிடி' என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு ஆபத்து மிக அதிகம். பெரும்பாலும் ஆண் குழந்தைகளிடம் தெரியும் குறை இது. வெளியே பார்த்தால் எந்த அடையாளமும் இருக்காது என்பதுதான் சிக்கல்.

ஆகவே பச்சைக் குழந்தைக்கென்று தனியாகப் புதிய பருத்திப் போர்வை இருக்கட்டும். பாச்சை உருண்டை வாடை அடிக்கும் எந்தத் துணியும் குழந்தை அருகே வேண்டாம். "அரைமணி வெயில்ல போட்டுட்டேன்" என்பது போதாது. பெரியவர்களிடம் இதைச் சொல்வது கொஞ்சம் சங்கடம்தான். "டாக்டர் வேண்டாம்னு சொல்லியிருக்காங்க அத்தை" என்று டாக்டர் மேல் பழியைப் போட்டாவது சொல்லிவிடுங்கள்.

தவழும் குழந்தைக்கு அது வெள்ளை மிட்டாய். ஒரே உருண்டையை விழுங்கினாலும் சும்மா இருக்கக் கூடாது. விரல் விட்டு வாந்தி எடுக்கவைக்காதீர்கள், உப்புத் தண்ணீர் கொடுக்காதீர்கள். பாலும் கொடுக்காதீர்கள், கொழுப்போடு சேர்ந்து அது வேகமாக உடம்பில் ஏறும். உருண்டை இருந்த பாக்கெட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள், வண்டி இல்லையென்றால் 108. முதல் நாள் நன்றாக விளையாடிக்கொண்டே இருந்துவிட்டு, இரண்டு மூன்று நாள் கழித்து சிறுநீர் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் போவதும், கண் மஞ்சளாவதும், முகம் வெளுப்பதும் உண்டு. அதனால் "ஒண்ணும் ஆகலையே" என்று விட்டுவிட வேண்டாம். அதற்குப் பதிலாகச் சூடம் வைக்கலாமா என்றால், கற்பூரமும் விழுங்கினால் குழந்தைக்கு வலிப்பு வரவைக்கும். பூஜை அலமாரியிலும் அது எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

பிறகு எதை வைப்பது?

வசம்பு, காய்ந்த வேப்பிலை, கிராம்பு எல்லாம் வாடையால் பூச்சியை ஓரளவு விலக்கும், உள்ளே ஏற்கெனவே இருக்கும் புழுவைக் கொல்லாது. வைப்பதென்றால் நன்றாகக் காய்ந்த பின் மெல்லிய துணியில் முடிந்து வையுங்கள், பச்சை இலை கறையாக்கிவிடும். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் இந்த முடிச்சுகளும் கைக்கு எட்டக் கூடாது.

இதைவிட நம்பகமானது பழைய பருத்தி வேட்டி. துவைத்துக் காய்ந்த கம்பளியை, உள்ளே ஈரம் துளியும் இல்லை என்று உறுதி செய்தபின், வேட்டியில் இடைவெளி இல்லாமல் சுற்றி, ஓரத்தை நாலு தையல் போட்டு மூடிவிடுங்கள். ஜிப் போட்ட பிளாஸ்டிக் பையும் பூச்சியைத் தடுக்கும். ஆனால் கொஞ்சம் ஈரம் இருந்தாலும் பூஞ்சணம் பிடிக்கும். ஏற்கெனவே ஓட்டை விழுந்த சால்வை என்றால், பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்தால் புழுவும் முட்டையும் சாகும். ஐஸ்கிரீம் டப்பாவுக்கு அந்த இரண்டு வாரம் விடுமுறை கொடுக்க வேண்டியிருக்கும். பீரோ மூலைகளையும், தட்டுக்கு அடியில் விரித்த பேப்பரையும் சுத்தம் செய்யாமல் திரும்ப வைத்தால் இந்த உழைப்பு வீண்.

சுருங்கிப்போன ஸ்வெட்டருக்கு ஒரு கடைசி முயற்சி உண்டு. தலைக்குப் போடும் கண்டிஷனரை ஒரு டப் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் கலந்து, அரைமணி ஊறவிட்டு, டவலில் சுருட்டி ஈரம் போக்கி, தட்டையாக வைத்து நாலு பக்கமும் மெதுவாக இழுத்துவிடுங்கள். முடிக்குச் செய்வதை முடிக்கே செய்கிறோம். கொஞ்சம் தேறும், முழுசாகத் திரும்பாது.

அடுத்து ஐப்பசியில், மழைக்கு நடுவே வெயில் அடிக்கும் ஒரு நாளில், கார்த்திகைக்குக் காத்திருக்காமல் மூட்டையைப் பிரித்துவிடுங்கள். உதறி, பிரஷ் போட்டு, ஒரு நாள் நிழலில் காற்றாட விட்டு, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சின்ன ஓட்டை என்றால் அதே நிறக் கம்பளி நூலில் இழையோட்டித் தைத்துவிடலாம், கொடியேற்றத்துக்கு முன் அதற்கு நேரம் இருக்கும்.